தூண்டில் முள்ளும் சுமைதாங்கிக் கல்லும்

சென்ற அரையாண்டு விடுமுறைக்கு எங்கள் பேத்தி ஓசூரிலிருந்து நல்லம்பள்ளிக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி. விடுமுறையிலும் வீட்டுப்பாடம் அவளை விட்டபாடில்லை. ஒரு நாள் மாலை, செபமாலை முடிந்து நாங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஆங்கிலப் பயிற்சி ஏட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "தாத்தா, 'லெட் ஆஃப் த ஹூக்' என்றால் என்ன? பொருள் எழுதி ஒரு வாக்கியமும் அமைக்க வேண்டுமாம்" என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் ஆங்கிலம் கற்பித்தவர். மற்றவர் தமிழ் கற்பித்தவர். எங்கள் இல்லத்தில் இத்தகைய வினா எழுந்தால், விடை கூற இருவரும் முந்திக்கொள்வது வழக்கம். அன்று மட்டும் இருவருமே சிறிது நேரம் வாய் திறவாதிருந்தோம். அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். ஆயினும் பேத்தி கேட்டது சொற்பொருள். ஆதலின் சொற்பொருளிலிருந்தே தொடங்குவோம்.

'ஹூக்' என்பது இங்கே தூண்டில் முள்ளைக் குறிக்கும். முள்ளில் அகப்பட்ட மீனை எடுத்து மீண்டும் நீரில் விட்டுவிடுவது போல, அடைய வேண்டிய தண்டனையிலிருந்தோ, ஏற்க வேண்டிய பழியிலிருந்தோ, செய்தே தீர வேண்டிய கடமையிலிருந்தோ ஒருவனை விட்டுவிடுவதே இத்தொடரின் பொருள். பிறர் விட்டுவிட்டால் 'லெட் ஆஃப் த ஹூக்'; அவனே நழுவிக்கொண்டால் 'கெட் ஆஃப் த ஹூக்'. தொலைபேசியின் பேசுகுழலை எடுத்துத் தனியே வைத்துவிடுவதையும் 'ஆஃப் த ஹூக்' என்பர்; அது தொலைபேசிக் கொக்கியைப் பற்றியது, இதனோடு அதைக் குழப்பிக்கொள்ளலாகாது. தூண்டில் உவமை பழமையானதே. ஆண்டனி டிராலப் எழுதி 1864இல் நூலாக வெளிவந்த 'தி ஸ்மால் ஹவுஸ் அட் ஆலிங்டன்' என்னும் புதினத்தில், ஒருவனைத் தூண்டிலில் மாட்டிக்கொண்டவன் என்று கூறும் இடம் உண்டு.

இதற்கு உறவான மற்றொரு தொடர் 'ஸ்காட் ஃப்ரீ' என்பது. இதனை ஸ்காட்லாந்து நாட்டோடு தொடர்புபடுத்துவோர் உளர். அது பிழை. 'ஸ்காட்' என்பது பழைய ஆங்கிலத்தில் வரியையும் செலுத்த வேண்டிய பங்கையும் குறித்த சொல். கட்ட வேண்டிய வரியைக் கட்டாமலே வெளியேறியவன் என்பதுதான் அத்தொடரின் மூலப்பொருள்.

இவ்விரண்டு தொடர்களிலும் மாணவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குற்றமற்றவன் ஒருவனை நீதிமன்றம் விடுவித்தால், அங்கே இத்தொடர்களை ஆளலாகாது. 'இவன்மீது ஏதோ ஒன்று இருந்தது. ஆயினும் விட்டுவிட்டார்கள்' என்பதே இவற்றின் குறிப்பு. கணக்கு தீர்க்கப்படவில்லை, மூடப்பட்டது, அவ்வளவே.

தூண்டில் முள்ளை அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் கூர்மை விளங்கும். ஒகேனக்கல்லில் காவிரிக் கரையில் நின்று தூண்டில் போடுவோரை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சாய்ந்த சிறு முள் ஒன்று இருக்கும். உள்ளே செல்லும்போது தடையின்றிச் செல்லும் முள், வெளியே இழுத்தால் சதையைக் கிழிக்கும். நரம்பை அறுத்துக்கொண்டு மீன் தப்பிவிடுவதும் உண்டு. கரையில் இருப்பவன் கண்ணுக்கு அது விடுதலை பெற்ற மீன். முள்ளோ அதன் வாயிலேயே இருக்கிறது.

"தமிழில் இதற்கு என்ன சொல்வது?" என்பது பேத்தியின் அடுத்த கேள்வி. விட்டுவிடுவதைக் குறிக்க நம் மொழியில் தொடர்களுக்குப் பஞ்சமில்லை. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்கிறோம். திருந்தாத மகனைப் பற்றித் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டோம் என்கிறோம். உறவை அறுத்துக்கொள்வதைத் தலைமுழுகுதல் என்கிறோம். பொறுப்பை உதறுவதைக் கைகழுவுதல் என்கிறோம். பிலாத்து நீர் கொணரச் செய்து கைகளைக் கழுவிய காட்சியைத் தவக்காலந்தோறும் கேட்கும் நமக்கு அத்தொடரின் கனம் நன்கு தெரியும். ஆயினும் இவற்றுள் எதுவும் பேத்தியின் வினாவுக்கு நேரான விடை ஆகவில்லை. நேரான விடையை நாங்கள் ஏட்டில் கற்கவில்லை. ஒரு மூதாட்டியின் வாய்மொழியாகக் கற்றோம்.

1984ஆம் ஆண்டு. இம்மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நாங்கள் இருவரும் பணியாற்றி வந்தோம். திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பத்தாம் வகுப்பு மாணவரிடம் தேர்வுக் கட்டணம் வசூலிக்கும் பொறுப்பு எங்களில் ஒருவரிடம் இருந்தது. யார் என்று கூறப்போவதில்லை; கூறினால் மற்றவர் தப்பிவிடுவார். ஒரு நாள் வசூலான 160 ரூபாய் காணாமற்போயிற்று. அன்று நண்பகலில் ஆசிரியர் அறையைக் கூட்டிப் பெருக்கிய மாணவன் ஒருவன். ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பையன், படிப்பில் நடுத்தரம், கணக்கில் மட்டும் கெட்டிக்காரன். ஐயம் அவன்மீது விழுந்தது. இல்லை என்றான். மீண்டும் கேட்டோம், மீண்டும் இல்லை என்றான். பிரம்பு பேசியது. மாணவர் அனைவரும் பார்த்திருக்க முற்றத்தில் நிறுத்தப்பட்டான். மறுநாள் அவன் தந்தை வரவழைக்கப்பட்டார். அவர் மகனைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். நல்லம்பள்ளிச் சந்தையில் இரண்டு ஆடுகளை வந்த விலைக்கு விற்று, 160 ரூபாயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பையன் அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. தேர்வும் எழுதவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கோடை விடுமுறையில் வீட்டைத் துப்புரவு செய்தபோது, விடைத்தாள் கட்டுக்குச் சுற்றியிருந்த பழுப்புத் தாளின் மடிப்புக்குள்ளிருந்து அந்தப் பணம் விழுந்தது. எண்ணிப் பார்த்தோம். 160 ரூபாய், ஒரு ரூபாய் குறையாமல்.

அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் பள்ளித் தலைமைக்குச் சென்று நடந்ததைச் சொன்னோம். "நடந்தது நடந்துவிட்டது. பணம் கட்டியாகிவிட்டது; பையனும் போய்விட்டான். இனி இதைக் கிளறினால் பள்ளிக்கும் இழுக்கு, உங்களுக்கும் இழுக்கு. விட்டுவிடுங்கள்" என்று எங்கள் நன்மைக்காகவே அறிவுரை கூறப்பட்டது. உண்மையைச் சொல்வதானால், அச்சொல்லைக் கேட்க வேண்டும் என்றுதான் நாங்கள் போயிருந்தோம். ஆங்கிலத்தொடரின் பொருளை அன்று வாழ்க்கையில் அறிந்தோம். தூண்டிலிலிருந்து எங்களைக் கழற்றிவிட்டார்கள். 160 ரூபாயை என்ன செய்தோம் தெரியுமா? புனித அந்தோனியார் உண்டியலில் போட்டுவிட்டு வந்தோம். இரண்டு ஆடுகளின் விலையைக் கொண்டு எங்கள் மன அமைதியை வாங்கிவிட்டதாக எண்ணினோம்.

பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கிடாய்களைப் பற்றிப் படிக்கிறோம். ஒன்று பலியிடப்படும், மற்றதன் தலைமேல் கை வைத்து, மக்களின் குற்றங்களை அறிக்கையிட்டு, அதனைப் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடுவர். வில்லியம் டிண்டேல் 1530இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த ஆட்டுக்கு அமைத்த சொல்லே, பிறர் பழியைச் சுமப்பவனைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. தமிழில் நாம் பலிகடா என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது வெட்டப்பட்ட ஆடன்று. பழியைச் சுமந்துகொண்டு கண்காணாத இடத்துக்கு உயிரோடு போன ஆடு. எங்கள் பழியைச் சுமந்துகொண்டு ஒரு பதினைந்து வயதுப் பையன் பெங்களூர் பேருந்து ஏறினான். நாங்கள் பணி உயர்வு பெற்றோம். பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். பங்கின் விழாக்களில் முன்வரிசையில் அமர்ந்தோம். முள் மட்டும் உள்ளேயே இருந்தது. பொருள் தொலைந்தது என்று எந்த வீட்டில் யார் சொன்னாலும், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ஓய்வு பெற்றபின் நல்லம்பள்ளியிலேயே குடியமர்ந்தோம். 2014ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்களில் ஒருவர் ஒப்புரவு அருட்சாதனத்தில் இதனை மனந்திறந்து அறிக்கையிட்டார். குருவானவர் நீண்ட அறிவுரை எதுவும் கூறவில்லை. "அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான்?" என்று மட்டும் கேட்டாராம். தெரியாது என்பதே விடை. முப்பது ஆண்டுகளில் ஒருநாளும் நாங்கள் கேட்டறியவில்லை. பாவமன்னிப்புப் பாவத்தை அகற்றுகிறது. ஆயினும் பாவம் விளைத்த கேட்டையெல்லாம் அது தானாகச் சரிசெய்துவிடுவதில்லை என்பது திருச்சபையின் போதனை. பறித்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த நற்பெயரை மீட்டுத் தர வேண்டும். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் எண்ணில் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. சக்கேயு மரத்திலிருந்து இறங்கிய அன்றே நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். நாங்கள் முப்பது ஆண்டுகள் மரத்தின்மேலேயே அமர்ந்திருந்தோம்.

தேடத் தொடங்கினோம். தேடல் நெடுநாள் நீளவில்லை. அதுவே எங்களுக்கு வெட்கம். அந்தப் பையன் பெங்களூரை விட்டுத் திரும்பி வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் காய்கறி வாங்கச் செல்லும் அதே நல்லம்பள்ளி வாரச் சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். தோளில் துண்டு, நரைத்த மீசை. துண்டுக்கு அடியில் கைவிரல்களைப் பற்றி யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். "வாங்க சார், வாங்க டீச்சர்" என்றார். எங்களை அவர் முன்பே பலமுறை பார்த்திருக்கிறார். நாங்கள்தாம் அவரைப் பார்த்ததில்லை.

ஆடுகளின் இரைச்சலுக்கு நடுவே, புளியமரத்து நிழலில் நின்று, எல்லாவற்றையும் சொன்னோம். தாள் மடிப்பிலிருந்து பணம் விழுந்ததையும், உண்டியலில் போட்டதையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும் சார், நான் எடுக்கலைன்னு. எங்கப்பாவுக்குத்தான் கடைசிவரைக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. அவர் போய்ச் சேர்ந்துட்டார். அம்மா இருக்காங்க. எங்கிட்டச் சொன்னதை வீட்டுக்கு வந்து அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார்.

தந்தைக்குக் கடைசிவரை ஐயம் இருந்தது. இந்த ஒரு சொல்லுக்கு ஈடாக நாங்கள் எதைக் கொடுக்க முடியும்?

மறுநாளே சென்றோம். அக்கம்பக்கத்தார் சிலரும் வந்து நின்றனர். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க மனம் விரும்பிற்று. ஆயினும் 1984இல் அவன் முற்றத்தில் நின்றபோது எவரையும் போகச் சொல்லவில்லையே என்று எண்ணி, அனைவர் முன்னிலையிலும் சொன்னோம். கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்த அந்த மூதாட்டி முழுவதையும் கேட்டார். அழவில்லை, ஏசவும் இல்லை. "அன்னிக்கே பொறுத்துக்கிட்டோம் வாத்தியாரே. பொறுக்காம எங்க போறது?" என்றார்.

சிறிது நேரம் கழித்து, "எம்புள்ள எடுக்கலைன்னு நாலு பேருக்குக் கேக்கச் சொன்னீங்களே, அது போதும்" என்றார். நாங்கள் கொண்டுபோயிருந்த தொகையை நீட்டினோம். மகன் வேண்டாம் என்று தலையசைத்தார். மூதாட்டியோ, "வாங்கு, கடன் கடன்தான்" என்று சொல்லி, அன்றைய சந்தை விலைக்கு இரண்டு ஆடுகளின் பணத்தை மட்டும் எண்ணி எடுக்கச் செய்து, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பொறுத்துக்கொண்டோம். தாங்கிக்கொண்டோம் என்பதும் அதுதான். மன்னித்தோம் என்பதும் அதுதான். இரண்டில் எதை அவர் கருதினார் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தோம். தமிழில் அவை இரண்டும் வேறு வேறு அல்ல என்பது மெல்ல மெல்ல விளங்கிற்று. பொறை என்றால் சுமை. பொறை என்றால் பொறுமையும் ஆகும். பொறுத்தலும் பொறுப்பும் ஒரே வேரில் முளைத்தவை. திருக்குறளின் 16ஆவது அதிகாரத்துக்குப் பொறையுடைமை என்று பெயர். தன்னை அகழ்வோரையும் தாங்கி நிற்கும் நிலத்தையே வள்ளுவர் அங்கு முதல் உவமையாக நிறுத்துகிறார். கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நாமும் கிறிஸ்து கற்பித்த செபத்தைச் சொல்லும்போதெல்லாம், பாவங்களைப் பொறுக்கும்படியே தந்தையாம் இறைவனிடம் வேண்டுகிறோம். நாள்தோறும் சொல்லிப் பழகியதால், அச்சொல்லுக்குள் ஒரு சுமை இருப்பதை நாம் உணர்வதில்லை.

நற்செய்தியின் மூல மொழியாகிய கிரேக்கத்தில் மன்னிப்பைக் குறிக்கும் 'அஃபியேமி' என்னும் வினைச்சொல்லுக்கு விட்டுவிடு, போகவிடு என்பதே நேர்ப்பொருள். கடனைத் தள்ளுபடி செய்வதற்கும் அதுவே. அப்படியாயின் கிரேக்கம் ஆங்கிலத்தின் தூண்டிலோடு சேருகிறதா? மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் அரசனைப் பார்ப்போம். பணியாளன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஆக, அவன் கடன் 6 கோடி நாள் கூலி! அரசன் அவனை விட்டுவிட்டான். அந்தக் கடன் எங்கே போயிற்று? காற்றில் கரைந்துவிடவில்லை. அரசனுடைய கருவூலத்தில் அத்தனையும் இழப்பு. பணியாளனுக்கு விடுதலை, அரசனுக்குச் சுமை. இதனை உணராத பணியாளன், தான் தப்பிவிட்டதாக மட்டுமே எண்ணினான். ஆகையால்தான் வாசலைக் கடந்ததும், 100 தெனாரியம் தர வேண்டிய உடன்பணியாளன் கழுத்தை நெரித்தான். தப்பினேன் என்பவன் மாறுவதில்லை. எனக்காக ஒருவர் சுமந்தார் என்று அறிந்தவனே மாறுகிறான். சிலுவையை நாம் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பது இதனை மறவாதிருக்கத்தானே?

பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருவோர், பிறர் உதவியின்றித் தாமே இறக்கி வைத்து இளைப்பாறும் உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. கல் சுமையை வாங்கிக்கொள்வதால்தான் வழிப்போக்கன் நிமிர்கிறான். அந்தக் கயிற்றுக் கட்டிலில் நாங்கள் கண்டது அத்தகைய கல் ஒன்றை. நாங்கள் இறக்கி வைக்க வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அது தாங்கிக்கொண்டிருந்தது.

இதனைப் பெற்றோருக்கென்று ஒரு வார்த்தையாகச் சொல்ல விரும்புகிறோம். குழந்தை அடுத்த வீட்டுப் பொருளை உடைத்துவிட்டால், 'போகட்டும், யாரும் பார்க்கவில்லை' என்று விட்டுவிடுவது அன்பு அன்று; முள்ளை உள்ளே வைத்து நரம்பை அறுப்பது. பிரம்பை எடுப்பதும் நீதி அன்று. எங்கள் பிரம்பின் நீதியை மேலே கண்டீர்கள். குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நாமும் அடுத்த வீட்டு வாசல்வரை செல்ல வேண்டும். அது தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை உடன் நிற்க வேண்டும். உடைந்த பொருளின் விலையை நாம் கொடுக்க வேண்டும். அவ்வாறே பெற்றோராகிய நாம் தவறிழைத்தால், அதைப் பிள்ளைகள் அறியச் சொல்லவும் அஞ்சலாகாது.

பேத்தியிடம் இந்தக் கதை முழுவதையும் அன்று மாலையே சொன்னோம். எங்கள் பிள்ளைகளுக்குக்கூட அதுவரை சொன்னதில்லை. தாத்தாவும் பாட்டியும் தவறு செய்யாதவர்கள் என்று எண்ணியிருந்தவள், எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்த மாமா இப்போதும் சந்தைக்கு வருகிறாரா?" என்று கேட்டாள். வருகிறார் என்றோம். பிறகு குனிந்து, ஏட்டில் ஆங்கில வாக்கியத்தை எழுதினாள். 'ஆசிரியர்கள் தப்பவிடப்பட்டார்கள்' என்பது அதன் பொருள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. திருத்துவதற்கு எங்களுக்கும் ஒன்றும் இல்லை.

அதன் கீழே, பயிற்சி ஏடு கேட்காத ஒரு வரியையும் தமிழில் சேர்த்திருந்தாள்: 'பாட்டி பொறுத்துக்கொண்டார்.' எந்தப் பாட்டி என்று அவளுடைய ஆசிரியர் கேட்கக்கூடும். அவளே சொல்லிக்கொள்வாள்.